மில் சுவரில் எழுதிய ஆங்கிலம்

தொலைந்துபோவதற்காக என் ஓட்டோவைப் பிடித்த ஒரே மனுசி அவர்தான்.

"எங்கை அக்கா விடுறது?" என்று கேட்டேன்.

"எங்கையெண்டு தெரிஞ்சால் பேந்தேன் உன்னைக் கூப்பிடுறன்? தெரியாத இடத்துக்கு விடு."

மத்தியான வெயில். தன் அரைக்கும் மில்லைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, முழங்கைவரை மிளகாய்த்தூள் ஒட்டியபடியே ஏறிக் குந்திக்கொண்டார். மானிப்பாயில் வெளிக்கிட்டு, நாவற்குழிப் பாலம் தாண்டி, தென்மராட்சிக்குள் இறங்கினேன். ஒவ்வொரு சந்தியிலும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "இடக்கைப் பக்கம்!" "வலக்கைப் பக்கம்!" என்று கத்தினார். நானும் திருப்பினேன். பனங்கூடல், வேலி, ஒழுங்கை, மறுபடியும் வேலி. ஒரு முடக்கில் நிறுத்தி, "அக்கா, மெய்யாவே இது எந்த இடமெண்டு எனக்குத் தெரியேல்லை" என்றேன்.

கண்ணைத் திறந்து இரண்டு கைகளையும் தட்டினார். தூள் பறந்து இரண்டு பேரும் தும்மினோம். "துலைஞ்சிட்டம் தம்பி! துலைஞ்சிட்டம்!"

அந்தச் சத்தத்துக்கு வேலிக்கு மேலாக ஒரு வயதானவரின் தலை எழும்பியது.

"ஆர் பிள்ளை? எந்த இடம்?"

"மானிப்பாய்."

"மானிப்பாயிலை ஆற்றை பிள்ளை?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். தகப்பனின் பெயரைச் சொல்லிவிட்டார். அந்த மனுசன் படலையைத் திறந்துகொண்டு வெளியிலேயே வந்துவிட்டார். "அட, மில்காறற்றை மகளே! உன்ரை சித்தப்பன்ரை பெறாமகன் வீடு அந்தா, மூண்டாவது படலை. வா, நான் கூட்டிக்கொண்டு போய் விடுறன்."

கால் மணித்தியாலத்தில் நாங்கள் சித்தப்பாவின் பெறாமகன் வீட்டு முற்றத்தில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம். திரும்பி வரும் வழி முழுவதும் அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"சீ! உந்தக் குடாநாட்டிலை மனுசர் துலையக்கூட ஏலாது."

ஊர் அவரை மில்லக்கா என்றுதான் கூப்பிட்டது. எனக்கும் அது போதுமாக இருந்தது. என்னைவிட நாலு வயது கூட. மில்லுக்குப் பின்னால் தவிட்டு மூட்டை அடுக்கும் அறையில் ஒன்றரை வருடம் வாடகைக்கு இருந்தேன். எட்டாம் வகுப்போடு இடம்பெயர்வு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து இறக்கிவிட்டது. பிறகு வவுனியாவில் கல் அரிந்தேன், மலேசியாவில் கோப்பை கழுவினேன், கட்டாரில் கம்பி கட்டினேன், திரும்பி வந்து ஒரு பருவம் தொண்டைமானாற்றில் வலை இழுத்தேன், கடைசியில் வாடகை ஓட்டோ. ஓர் இடத்தில் இரண்டு வருடம் தாண்டி இருந்ததில்லை. அந்த அறையில் விடிய எழும்பும்போதே மூக்கு எரியும். அது பழகிய பிறகு வேறு அறைகளில் நித்திரை வரவில்லை.

மில்லக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. அரைத்து விழும் தூளைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உரசிப் பார்க்காமல் ஒரு பையைக்கூடக் கட்டமாட்டார். "காணும் பிள்ளை, அது வடிவா அரைபட்டிட்டுது" என்று வந்தவர்கள் சொன்னாலும் கேட்கமாட்டார். உரசுவார். கண்ணை மூடுவார். "இல்லை, இன்னொருக்கா விடவேணும்." உலகத்தில் எதையும் அவர் அப்படித்தான் நம்பினார். ஆஸ்பத்திரியில் பிரஷர் கூட என்று சொன்னால், "எனக்கு ஒண்டும் தெரியேல்லையே" என்பார். பூசணிக்காய் இனிப்பு என்றால் பச்சையாய் ஒரு துண்டு கடிப்பார். தன் விரலில் படாத ஒன்று அவருக்கு இல்லாத ஒன்று.

கலியாணமும் அப்படித்தான் ஆகிவிட்டது. முப்பத்தொன்பது வயதில் இங்கிலாந்து மாப்பிள்ளை. பன்னிரண்டு நாள் கூட இருந்துவிட்டு அவர் போய்விட்டார். பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும். மனைவி அங்கே போவதற்கு விசா வேண்டும். விசாவுக்கு ஆங்கிலப் பரீட்சை ஒன்று பாஸ் பண்ணவேண்டும். பெரிய பரீட்சை இல்லை. கொழும்பில் ஒரு மேசைக்கு முன்னால் இருந்து பத்து நிமிடம் கதைக்கவேண்டும். அவ்வளவுதான். அதில் மில்லக்கா இரண்டு தரம் தவறிப்போயிருந்தார்.

தவறிய விதத்தை அவரே சொல்லித் தானே விழுந்து விழுந்து சிரிப்பார். ரவுணில் ஒரு ரியூசன் வகுப்பில் இருபது கேள்வியும் இருபது பதிலும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் பரீட்சை என்றால் பாடமாக்குவது. மில்லக்கா தூள் அரைத்தபடியே இருபதையும் வரிசையாகப் பாடமாக்கிவிட்டார். பரீட்சை வைத்த அம்மா வரிசை மாற்றிக் கேட்டுவிட்டார்.

"அவ மழையைப் பற்றிக் கேட்டவ. நான் ரெண்டாவது பதிலைச் சொன்னன், எனக்கு ஒரு தங்கச்சி எண்டு. பேந்து அவ சாப்பாட்டைக் கேட்டவ. நான் மூண்டாவது. எங்கடை வீட்டிலை ஒரு பசு இருக்குது எண்டு. அவவுக்கு முகம் ஒரு மாதிரிப் போச்சுது. நான் விடேல்லை. இருபதையும் சொல்லித்தான் எழும்பினனான்."

இரண்டாவது தரம் வேறு வகுப்பு, முப்பது கேள்வி, அதே கதை.

நான் இந்த விஷயத்துக்குள் வந்தது ஒரு கரண்ட் இல்லாத பின்னேரத்தில். மில் நின்றுபோய் சும்மா இருந்தோம். "கட்டாரிலை ரெண்டு வருசம் இருந்தனியே, உனக்கு இங்கிலீசு தெரியுமெல்லோ?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சது ஒரு சொல்லுத்தான் அக்கா. கெற். விடிய நாலு மணிக்குப் போர்மன் கதவிலை அடிச்சு கெற் அப் எண்டுவான், எழும்பவேணும். கெற் இன் எண்டால் லொறியிலை ஏறவேணும். கெற் டவுன் எண்டால் குதிக்கவேணும். ஒரு நாள் கெற் அவுட் எண்டான். அதோடை வேலை போச்சு."

என்னை விரட்டிய ஆங்கிலம்தான் எனக்குத் தெரிந்த ஆங்கிலம். அதைச் சொல்லி முடிக்க, அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் எழும்பி நின்றுவிட்டார்.

"பொறு, பொறு. நாலும் ஒரே சொல்லோ?"

"ஓம். பின்னாலை வாற குட்டிச் சொல்லுத்தான் வேறை."

மில்லக்கா மோட்டரைப் பார்த்தார். சுவரோரம் மூன்று அரைக்கும் மெசின்கள். ஒன்று மிளகாய்க்கு, ஒன்று அரிசிக்கு, ஒன்று கோப்பிக்கு. மோட்டர் ஒன்றுதான். பெல்றை எந்த மெசினில் மாட்டுகிறோமோ அது சுற்றும். அவர் ஓடிப்போய்க் கையாலே பெல்றைக் கழற்றி மிளகாய் மெசினிலிருந்து அரிசி மெசினுக்கு மாற்றினார். பிறகு அரிசியிலிருந்து கோப்பிக்கு.

"அட! உது எங்கடை மில்லெல்லோ! ஒரு மோட்டரை வைச்சுக்கொண்டு எல்லாம் அரைக்கலாமெல்லோ! முப்பது மோட்டர் வாங்கித் தந்தெல்லே அவங்கள் என்னை மினக்கெடுத்தினவங்கள்!"

அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்துவந்து வெள்ளைச் சுவரில் முதல் நாலையும் தமிழ் எழுத்தில் எழுதினார். எழுதும் முன் நாலையும் செய்தார். தவிட்டு மூட்டையில் படுத்து எழும்பினார், ஓட்டோவில் ஏறினார், இறங்கினார், மில்லைவிட்டு வெளியே போய் வந்தார். அதுதான் சட்டம். விரலில் பட்டால்தான் சுவரில் ஏறும்.

அதற்குப் பிறகு அந்த மில்லில் யாருக்கும் நிம்மதி இல்லை. வரிசையில் ரின்னும் பையுமாக நின்ற சனமெல்லாம் கெற் தேடத் தொடங்கியது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் வேலைசெய்யும் தாதி ஒருவர், "கெற் பெற்றர் எண்டால் சுகமாகிறது" என்றார். நேற்று நடந்தது என்றால் கெற், கொற் ஆகிவிடும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். மிசன் வழியில் வந்த குடும்பத்து அன்ரி ஒருவர், பேரப்பிள்ளைகளோடு போனில் ஆங்கிலத்திலேயே கதைப்பவர், ஒவ்வொரு கிழமையும் இரண்டு கொண்டுவந்தார். "கெற் வெற், பிள்ளை. நனையிறது. இண்டைக்கு மழை வரும்போலை கிடக்கு."

மழை வந்தது. மில்லக்கா முற்றத்தில் போய் நின்றார். பத்துப் பேர் தாழ்வாரத்தில் நின்று பார்த்தார்கள்.

"அவளுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்றார் ஒருவர்.

"இல்லை, பாஸ் பண்ணப்போறா" என்றார் அன்ரி.

ஊறிப்போய் உள்ளே வந்து, ஈரக் கையோடு சுவரில் எழுதினார். கரி வழிந்தது. மறுநாள் தடிமன். அதற்கும் ஒரு கெற் இருந்தது. தும்மித் தும்மி அதையும் எழுதினார். தொலைந்துபோவது கெற் லொஸ்ற், அதற்காகத்தான் அன்று என் ஓட்டோவைப் பிடித்தது; தொலைய முடியாததால் அது ஏறவில்லை.

இளைப்பாறிய வாத்தியார் ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு வினைச்சொல்லை வைச்சு ஆங்கிலமோ? இலக்கணம் வேணும், காலம் வேணும், எழுவாய் பயனிலை வேணும்."

"எல்லாம் வேணும் மாஸ்டர். அதுக்குள்ளை நான் கிழவியாப் போடுவன். இந்தாங்கோ, உங்கடை தூளைத் தொட்டுப் பாருங்கோ."

வாத்தியார் தொட்டுப் பார்த்தார். அடுத்த கிழமை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வந்தார். பிழை செய்துவிட்டுப் பிடிபடாமல் தப்புவது. கெற் எவே வித். அன்று மத்தியானமே மில்லக்கா வாத்தியார் வளவுக்குள் புகுந்து அவருடைய கறுத்தக்கொழும்பான் மாம்பழம் மூன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒருவரும் காணவில்லை. சுவரில் பாதி எழுதியும் விட்டார். பின்னேரம் வாத்தியார் அரிசி கொண்டுவந்து, வணக்கம் சொல்லி, பேசாமல் வாங்குப் பலகையில் இருந்தார். அவ்வளவுதான். மில்லக்காவால் பொறுக்கமுடியவில்லை.

"மாஸ்டர், மூண்டு மாம்பழம் நான்தான் களவெடுத்தனான்."

"அப்ப பிள்ளை, நீர் தப்பேல்லை. அழியும்."

அழித்தார். மாம்பழத்தை நாங்கள் மூன்று பேருமாக வெட்டித் தின்றோம். அந்த வரி கடைசிவரை சுவரில் ஏறவில்லை.

இப்படிக் குதூகலமாய்ப் போய்க்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் போன் வந்தது. கை முழுக்கத் தூள் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். நான் மூட்டை தூக்கிக்கொண்டு நின்றேன். வெளியே போகவும் இல்லை, காதைப் பொத்தவும் இல்லை. கணவருடைய குரல் கோபமில்லாத, களைத்த குரல். பெற்றோல் கடையில் இரவு வேலை செய்கிறவர்.

"இஞ்சரும், எனக்கும் தனிய இருந்து பழகிப்போச்சு. உமக்கும் மில்லோடை பழகியிருக்கும். அடுத்த மாசம் ஒருக்கா எழுதிப் பாரும். இந்த முறையும் சரிவராட்டி, இதை இத்தோடை விடுவம். ஆளுக்காள் கரைச்சல் இல்லை. என்ன?"

மில்லக்கா போனுக்குக் கிட்டக் குனிந்து, "சாப்பிட்டியளோ?" என்று கேட்டார்.

போன் நின்றதும் கையைத் துடைத்தார். "தம்பி, பழகிப்போச்சு எண்டதுக்கும் கெற் இருக்கோ?"

இருந்தது. கட்டாரில் முகாமில் தண்ணீர் டீசல் மணக்கிறது என்று முறைப்பாடு சொன்னபோது, களஞ்சியக்காரன் எனக்குச் சொன்னது. யூ வில் கெற் யூஸ்ற் ரு இற். அவன் சொன்னபடியேதான் நடந்தது. மூன்று மாதத்தில் எனக்கு அந்த மணம் தெரியவில்லை.

மில்லக்கா கரியை எடுத்துச் சுவருக்குக் கிட்டப் பிடித்தார். அப்படியே நின்றார். பிறகு கரியை யன்னல் கட்டில் வைத்துவிட்டார்.

"உதை எழுதமாட்டன். எனக்கு உது நடக்கேல்லை."

அன்றிலிருந்து அவர் தேடிய தேடல் வேறு மாதிரி. விளையாட்டு இருந்தது, ஆனால் அவசரம் கூடிவிட்டது. ஒரு நாளில் மூன்று, நாலு. பஸ்ஸில் வெள்ளைக்காரர் யாரும் ஏறினால் பக்கத்தில் போய்க் குந்திவிடுவார். பதில் விளங்காவிட்டால், விளங்கவில்லை என்று சொல்வதற்கும் ஒரு கெற் இருக்கிறது என்று கண்டுபிடித்து அதையே பத்துத் தரம் சொல்லுவார். செல்வச்சந்நிதிக்குப் போன அன்று மணலில் ஓட்டோ புதைந்தபோது நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் நின்று தள்ளியபடி, "இதுக்கென்ன சொல்லுறது? இதுக்கென்ன சொல்லுறது?" என்று கத்திக்கொண்டிருந்தார். முருகனிடம் என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

பரீட்சைக்கு முதல் நாள் விடியற்காலை ரயிலில் அவரும் தங்கையும் நானும் கொழும்புக்குப் போய், வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை நாங்கள் பிடித்த ஓட்டோக்காரன் பிழையான தெருவில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். எல்லாக் கட்டிடமும் கண்ணாடி. எல்லாத் தெருவும் ஒரு மாதிரி. ஆற்றை பிள்ளை என்று கேட்க ஒரு வேலி இல்லை. தங்கை அழத் தொடங்கிவிட்டார். எனக்கும் வியர்த்தது. இன்னும் அரை மணித்தியாலம்தான் இருந்தது. மில்லக்கா நடுத்தெருவில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"இப்பதான்ரா மெய்யாத் துலைஞ்சிருக்கிறம்!"

காவலாளி ஒருவர் வழி காட்டினார். ஓடினோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி, கதவு மூடுவதற்கு ஐந்து நிமிடம் இருக்க உள்ளே போனார். நானும் தங்கையும் எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடையில் நின்றோம். நான் மூன்று தேத்தண்ணி குடித்தேன். எதற்குமே ருசி தெரியவில்லை.

வெளியே வந்தவர் வாகனங்களைப் பார்க்காமல் தெருவைக் கடந்து வந்தார்.

"கதைச்சனான் தம்பி! அவ இண்டைக்கு இஞ்சை எப்பிடி வந்தனீங்கள் எண்டு கேட்டா. முந்தியெண்டால் எனக்கு ஒரு தங்கச்சி எண்டிருப்பன். இண்டைக்கு எல்லாம் சொன்னனான். எழும்பினது, ரயிலேறினது, இறங்கினது, துலைஞ்சது, ஓட்டோக்காரனோடை கோவம் வந்தது, வேர்வையிலை நனைஞ்சது. எல்லாம் கொற், கொற், கொற்! அவ காணும் எண்டு கையைக் காட்டினவ. நான் நிக்கேல்லை! அவ சிரிச்சவ, தம்பி. அவ சிரிச்சுப்போட்டு என்னட்டை மில்லைப் பற்றிக் கேட்டவ. அது கேள்வித்தாளிலையே இல்லை!"

பாஸ். கடுதாசி வந்த அன்று மில்லில் எல்லாருக்கும் இலவசமாக அரைத்தார். பின்னேரம் கணவருக்குப் போன் எடுத்துச் சொன்னார்.

"மெய்யே?"

"மெய்."

"அப்ப இனி... என்ன செய்யிறது?"

"இனி நீங்கள் கடுதாசியளை அனுப்பவேணும்."

அவர் உடனே அனுப்பவில்லை. வீடு சின்னது என்றார், குளிர்காலம் கழியட்டும் என்றார். மில்லக்கா சண்டை பிடிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் விடிய, மோட்டர் போடமுன், போன் எடுப்பார். அங்கே அவர் இரவு வேலையில் சும்மா இருக்கும் நேரம். "இண்டைக்கு அனுப்பினியளோ?" அவ்வளவுதான் கேட்பார். நாற்பத்துச் சொச்சம் நாள் கேட்டார். கடுதாசி வந்தது. விசாவும் வந்தது. மில்லைத் தங்கை பொறுப்பெடுத்தார். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கூட்டிப்போன வான் வெளிக்கிடும்போது வாத்தியார் ஓடிவந்து ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே மாம்பழம்.

அவர் போய் இறங்கவேண்டிய நாளில் நான் எந்த ஓட்டோ ஹயருக்கும் போகவில்லை. பின்னேரம் மில்லில் வழக்கமான வரிசை. அன்ரியும் நின்றார். என் போன் அடித்தது.

"தம்பி, இவர் எயாப்போட்டுக்கு வரேல்லை. ராவேலை முடிஞ்சு நித்திரையாம். மூண்டு மணிமட்டும் அங்கையே இரும், வாறன் எண்டவர்."

"அப்ப இருங்கோ அக்கா."

"ஆர் இருக்கிறது? நான் இப்ப வாசல்லை நிக்கிறன்."

"எந்த வாசல்?"

"அவற்றை வீட்டு வாசல்லையடா! போனை வைக்காதை, மணியை அடிச்சிட்டன்."

நான் கையைக் காட்ட, தங்கை மோட்டரை நிறுத்தினார். மில் சத்தம் அடங்கியது. வரிசை முழுவதும் என் போனைச் சுற்றி வந்துவிட்டது. காற்றின் இரைச்சல் கேட்டது. நெடுநேரம் அது மட்டும்தான். யாரோ படியில் இறங்கி வரும் சத்தம். ஒரு பூட்டு. இன்னொரு பூட்டு.

"இஞ்சரும்..." கணவருடைய குரல் நித்திரையில் கரகரத்தது. "நீர்... நீர் எப்பிடி வந்தனீர்?"

"ஐ கொற் த பஸ்" என்றார் மில்லக்கா.

நான் சுவரைப் பார்த்தேன். கரியில் எழுதிய அத்தனை வரிகளிலும் அது இல்லை. நாங்கள் ஒருவரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்ரி வாயைப் பொத்திக்கொண்டார்.

அங்கே ஒரு சிரிப்புக் கேட்டது. சிரித்துப் பழக்கம் விட்டுப்போன ஒருவருடைய சிரிப்பு. இருமலில் தொடங்கித்தான் சிரிப்பாக வந்தது.

"உள்ளுக்கு வாரும்" என்றது அந்தக் குரல். "குளிருது, முதல் உள்ளுக்கு வாரும்."

பெட்டியின் சில்லு வாசற்படியில் இடித்து, ஒரு தரம் சறுக்கி, பிறகு ஏறி உருண்டு உள்ளே போவது கேட்டது.